ரீவி பெட்டியில் லினக்ஸ் எழும்பவில்லை: எங்கே தொடங்கிப் பார்ப்பது?

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர், 2024 மே 6

அண்ணன், ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகை ஒன்று வாங்கும் காசுக்கு இங்கே மூன்று நான்கு ரீவி பெட்டிகள் வாங்கலாம். நான்கு கோர், 2 ஜிபி நினைவகம், 16 ஜிபி சேமிப்பு என்று மேல்மட்டையில் அச்சடித்திருக்கிறது. என்னிடம் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. சிறு பலகைகளுக்கான ஆர்ம்பியன் லினக்ஸை மெமரி கார்டில் எழுதிப் போட்டேன். ஒன்றில் ஆண்ட்ராய்டே திரும்பத் திரும்ப வருகிறது. மற்றதில் பெட்டியின் சின்னம் திரையில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஆர்ம்பியன் இந்தப் பெட்டிகளுக்குச் சரிவராது போலிருக்கிறது. வேறு எந்த லினக்ஸைப் போடலாம்?

மே 6, இரவு

லினக்ஸை மாற்ற வேண்டாம், தம்பி. இரண்டு பெட்டிக்கும் வெவ்வேறு வருத்தம். இரண்டிலுமே ஆர்ம்பியன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, ஆகவே அதன்மேல் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆண்ட்ராய்டு வருகிற பெட்டி உங்கள் கார்டைத் திரும்பியே பார்க்கவில்லை. அம்லாஜிக் சிப் உள்ள பெட்டிகளில், தொழிற்சாலையில் எழுதிவைத்த யூ-பூட், அதாவது இயங்குதளத்தை எழுப்பும் நிரல், உள்ளே இருக்கும் இஎம்எம்சி சேமிப்பிலிருந்துதான் எழும்பும். கார்டையும் பார் என்று அதற்கு ஒரு தடவை சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்வது கார்டின் முதல் பகுதியில் இருக்கும் 'ஏஎம்எல் ஆட்டோஸ்கிரிப்ட்' என்ற கோப்பு. பெட்டியின் பின்புறத்தில் ஏவி என்று எழுதிய வட்டத் துளைக்குள், ஆழத்தில், ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஈர்க்குச்சியை உள்ளே விட்டால் அது அழுந்துவது விரலுக்குத் தெரியும். அழுத்திப் பிடித்தபடியே மின்சாரத்தைக் கொடுத்து, சின்னம் வந்து சில விநாடி கழிந்ததும் கையை எடுங்கள். அந்த ஸ்கிரிப்ட் ஓடி யூ-பூட்டின் மாறிகளைத் திருத்திவிடும். அதன்பிறகு பெட்டி ஒவ்வொரு முறையும் கார்டைத் தேடும். சில பெட்டிகளில் இந்தப் பொத்தான் அடிப்பக்கத்துத் துளையில் இருக்கும், எல்லாவற்றிலும் ஏவி துளைக்குள் தேட வேண்டாம்.

சின்னத்தோடு நிற்கும் பெட்டி இதைவிட ஒரு படி முன்னே வந்துவிட்டது. முன்பு யாராவது அதில் கோர்எலெக் என்ற லினக்ஸைப் போட்டுப் பார்த்திருக்கக்கூடும், அதனால் கார்டைப் படிக்கும் வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அங்கே தடுப்பது இரண்டில் ஒன்று. கார்டின் முதல் பகுதியில் மூன்று யூ-பூட் கோப்புகள் இருக்கும்: எஸ்905 சிப்புக்கு ஒன்று, எஸ்905எக்ஸ் முதல் எஸ்912 வரை ஒன்று, எஸ்905எக்ஸ்2 முதல் எஸ்922 வரை ஒன்று. உங்கள் சிப்புக்குப் பொருந்துவதை நகலெடுத்து, நகலுக்கு 'யூ-பூட்' என்று பெயரும் 'எக்ஸ்ட்' என்று பின்னொட்டும் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டாலும், பொருந்தாததை நகலெடுத்தாலும் சின்னம் வந்து நிற்கும். இரண்டாவது, டிடிபி. பலகையில் எது எங்கே இணைந்திருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு அது.

மே 7

எந்த டிடிபி என்று கேட்கிறீர்கள். மேல்மட்டையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. மூடியைக் கழற்றி, சிப்பின்மேல் இருக்கும் அலுமினியத் தகட்டை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். தகடு ஒட்டிக்கொண்டிருந்தால் நெம்ப வேண்டாம், பெட்டியைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடாக்கியபின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மெல்லத் திருகினால் வரும். நினைவகச் சிப்புகளின் எழுத்தும் படத்தில் தெரிய வேண்டும்.

மே 9

படங்களைப் பார்த்தேன். மேல்மட்டை எஸ்905எக்ஸ் என்கிறது. தகட்டுக்கு அடியில் இருப்பது எஸ்905டபிள்யூ. நினைவகமும் 2 ஜிபி அன்று, 1 ஜிபி. ஆண்ட்ராய்டின் அமைப்புப் பக்கத்தில் 2 ஜிபி என்று காட்டுகிறது என்கிறீர்கள். அந்தப் பக்கத்தையே திருத்திவைத்துத்தான் விற்கிறார்கள். ஒரு பிள்ளை தன் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளில் இப்படிச் செய்வது எனக்கு ஆறவில்லை.

எஸ்905எக்ஸ், எஸ்905டபிள்யூ இரண்டும் ஜிஎக்ஸ்எல் என்ற ஒரே குடும்பம். இரண்டிலும் நான்கு ஏ53 கோர்கள்தாம். முதலாவது 1.5 கிகாஹேர்ட்ஸ் வரை போகும், இரண்டாவது 1.2 வரை. ஆகவே யூ-பூட் கோப்பு இரண்டுக்கும் ஒன்றே, நடுவில் உள்ளது. டிடிபிதான் வேறு. எக்ஸ்ட்லினக்ஸ் கோப்புறையில் உள்ள அமைவுக் கோப்பைத் திறந்து, எஃப்டிடி என்று தொடங்கும் வரியில், எஸ்905டபிள்யூ என்று வந்து பி281 என்று முடியும் டிடிபியின் பெயரைப் போடுங்கள். அது சரிவராவிட்டால் டிஎக்ஸ்3 மினி என்று முடிவதைப் போட்டுப் பாருங்கள். உண்மையான எஸ்905எக்ஸ் பெட்டி கையில் கிடைத்தால் பி212.

இனி, நான் எல்லாருக்கும் முதலில் சொல்லும் வேலை. திரையை விட்டுவிட்டு, பெட்டி எழும்பும்போது எழுதுவதைக் கணினியில் படிக்கும் சீரியல் வழியைப் பிடியுங்கள். பலகையின் ஓரத்தில் வரிசையாக மூன்று அல்லது நான்கு புள்ளிகள் இருக்கும்: தரை, டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது), சிலவற்றில் 3.3 வோல்ட். யுஎஸ்பி-சீரியல் துண்டு ஒன்று, சிஎச்340 சிப் உள்ளது, மலிவாகவே கிடைக்கும். தரைக்குத் தரை. துண்டின் ஆர்எக்ஸைப் பலகையின் டிஎக்ஸோடும், துண்டின் டிஎக்ஸைப் பலகையின் ஆர்எக்ஸோடும் மாற்றி இணைக்க வேண்டும். 3.3 வோல்ட் புள்ளியைத் தொட வேண்டாம், பெட்டிக்குத் தன் மின்சாரம் இருக்கிறது. துண்டில் 5 வோல்ட், 3.3 வோல்ட் மாற்றும் சிறு இணைப்பு இருந்தால் 3.3இல் வையுங்கள். வேகம் 115200.

மின்சாரம் கொடுத்த கணத்தில் வரும் முதல் வரியைப் படியுங்கள். ஜிஎக்ஸ்எல் என்றோ, ஜி12ஏ என்றோ, எஸ்எம்1 என்றோ தொடங்கும். அது சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த பூட்ரொம் எழுதுவது. மேல்மட்டையை மாற்றலாம், ஆண்ட்ராய்டைத் திருத்தலாம், அந்த வரியில் எவரும் கைவைக்க முடியாது. எக்ஸா டபிள்யூவா என்பதை மட்டும் அது சொல்லாது, குடும்பத்தைத்தான் சொல்லும். லினக்ஸ் எழும்பியபின் கெர்னல் தன் பதிவில் சிப்பின் முழுப்பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதும், டிமெஸ்ஜி கட்டளையில் பார்க்கலாம்.

மே 10

காத்தான்குடியில் பெட்டிகள் திருத்தும் ஒரு காக்கா இதைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறார்: "எங்கள் கடைக்கு வரும் ஆர்கே3229 பெட்டியில் சீரியலில் குப்பை எழுத்துத்தான் வருகிறது. பெட்டி சீன மொழி பேசுகிறது என்று பையன் சொல்கிறான்."

பெட்டி சரியாகத்தான் பேசுகிறது, காக்கா. ஆர்கே என்று தொடங்குபவை ராக்சிப் நிறுவனத்துச் சிப்புகள். ராக்சிப் பலகைகளின் வழக்கமான சீரியல் வேகம் 15,00,000. அம்லாஜிக், ஆல்வின்னர் சிப்புகள் இரண்டுக்கும் 115200. உங்கள் துண்டு எது என்றும் பாருங்கள். பழைய சிபி2102 சிப் 10 இலட்சத்துக்கு மேல் போகாது, அதனால் வேகத்தை மாற்றினாலும் குப்பையே வரும். சிஎச்340 அந்த வேகத்தைத் தாங்கும்.

மே 14

அக்கரைப்பற்றுத் தம்பியின் பெட்டி இப்போது லினக்ஸ் எழுத்துகளைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஆனால் பாதியில் நின்று மறுபடி முதலிலிருந்து எழும்புகிறது. சீரியல் பதிவை அனுப்பியிருக்கிறார். கார்டிலிருந்து பெரிய கோப்பை எடுக்கும் நேரத்தில், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு வரியில் அறுபடுகிறது. ஒரே வரியில் நின்றால் மென்பொருளைச் சந்தேகிப்பேன். இடம் மாறி மாறி நின்றால் மின்சாரத்தைத்தான் பார்ப்பேன்.

படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில் ராஸ்பெரி பை 4 பலகைகளோடு இதே பாடுபட்டிருக்கிறேன். அங்குள்ள மிஸ், பிள்ளைகள் உலாவியைத் திறந்ததும் திரையில் மின்னல் குறி வருகிறது, பிறகு எல்லாம் உறைந்துவிடுகிறது என்றார். அடாப்டர்கள் புதியவை. யுஎஸ்பி வயர்கள்தாம் நீளமானவை, மெல்லியவை, சுவரிலிருந்து மேசை எட்டாததால் வாங்கியவை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வயரில் போகவும் வரவுமாக மொத்த மின்தடை 0.2 ஓம் என்று வைப்போம். 2 ஆம்பியர் ஓடும்போது 0.4 வோல்ட் வயரிலேயே தொலைகிறது. அடாப்டர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் பலகைக்குப் போவது 4.6. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் மின்னல் குறியைக் காட்டும். அதனால்தான் பை 4க்கென்று அவர்களே செய்யும் அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று வருகிறது, வயரும் அதோடு பிரிக்க முடியாமல் சேர்ந்தே இருக்கிறது. பை 5க்கு 5 ஆம்பியர்.

பையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு கட்டளை உண்டு, விசிஜென்சிஎம்டி. அதோடு 'கெட்_த்ராட்டில்ட்' என்று கேட்டால் ஒரு எண் வரும். 0 என்றால் குறையில்லை. 50000 என்றால் எழும்பியதற்குப் பிறகு எப்போதோ மின்னழுத்தம் விழுந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 50005 என்றால் நீங்கள் பார்க்கும் இந்த நேரத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறது. ரீவி பெட்டியில் இப்படி ஒரு கட்டளை கிடையாது. மல்டிமீட்டரை எடுத்து, பெட்டி வேலை செய்துகொண்டிருக்கும்போது, மின்சாரம் நுழையும் இடத்தில் அளக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது அளந்து 5.1 இருக்கிறது என்று எழுதாதீர்கள், அந்த அளவால் பயனில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பை 80 பாகைக்கு வந்ததும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள், நண்பகலில் அது எளிதில் எட்டும் அளவுதான். பெரும்பாலான ரீவி பெட்டிகளில் இருப்பது நகமளவு தகடு. அடிமூடியைக் கழற்றிவிட்டுக் கவிழ்த்துவைத்தாலே நல்ல மாற்றம் தெரியும்.

மே 15

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். அடாப்டரை மாற்றிப் பார் என்றதும் வீட்டில் கிடக்கும் ரௌட்டர் அடாப்டரை எடுத்துச் செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். பல ரௌட்டர் அடாப்டர்கள் 12 வோல்ட். பெரும்பாலான ரீவி பெட்டிகள் 5 வோல்ட். முனை ஒரே அளவு, தடையில்லாமல் நுழையும். நுழைந்தால் பெட்டி அவ்வளவுதான். செருகும் முன் இரண்டின் எழுத்தையும் படியுங்கள், அடாப்டர்களில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டிப் பெரிதாக 5, 12 என்று எழுதிவையுங்கள்.

மே 21

அடாப்டர் மாறியது, நடுவில் அறுபடுவதும் நின்றது. இப்போது நிறுவல் முடிந்து இரண்டாம் நாள் கோப்புகள் காணாமற்போகின்றனவாம். கார்ட் 64 ஜிபி, சந்தையில் மலிவாக வாங்கியது.

போலி கார்டாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது 8 ஜிபி, கட்டுப்பாட்டுச் சிப் 64 என்று சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். 8 நிறையும்வரை எல்லாம் நன்றாக நடக்கும். அதற்குமேல் எழுதுவது ஒன்றுமில்லாமல் போகும், அல்லது முன்பு எழுதியதன்மேலேயே விழும். எழுதும்போது பிழை எதுவும் காட்டாது என்பதுதான் இதில் உள்ள கொடுமை. லினக்ஸில் எஃப்3 என்ற கருவி இருக்கிறது, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ. இரண்டும் கார்டை முழுவதும் நிரப்பி, பிறகு படித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுப் படுங்கள். புதிதாக வாங்கிய எந்தக் கார்டையும் இதில் தேற்றாமல் பயன்படுத்த வேண்டாம்.

நல்ல கார்டிலும் ஏ1 குறி உள்ளதாகப் பாருங்கள். படம் எடுக்கும் கமராவுக்கு நீளமாக எழுதும் வேகம் போதும். லினக்ஸ் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பல இடத்தில் எழுதும். ஏ1 என்பது விநாடிக்கு 1500 சிறு வாசிப்பும் 500 சிறு எழுதலும் தாங்கும் என்ற உறுதி.

ஜூன் 2

பெட்டி ஓடுகிறது. எஃப்3இல் தேறிய 32 ஜிபி கார்ட், பி281 டிடிபி, சரியான அடாப்டர். வேறு லினக்ஸ் எதுவும் தேவைப்படவில்லை, அதே ஆர்ம்பியன்தான். எனக்கு மெத்த மகிழ்ச்சி.

அவருடைய அடுத்த இரண்டு கேள்விகளுக்கு: ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ஐபி முகவரி மாறுவதற்குக் காரணம், பல ரீவி பெட்டிகளில் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, லினக்ஸால் எடுக்க முடியாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்வது. ரௌட்டர் அதைப் புதிய கருவி என்று நினைக்கிறது. லினக்ஸில் வலையமைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் 02 என்று தொடங்கும் ஒரு மேக் முகவரியை நிலையாக எழுதிவிடுங்கள்.

வைஃபை வராததற்கு நான் செய்யக்கூடியது இல்லை. பலகையில் இருக்கும் வைஃபை சிப் எஸ்எஸ்வி6051. அதற்குப் பொதுக் கெர்னலில் இயக்கி கிடையாது. வலையில் கிடைக்கும் பழைய இயக்கிகளோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கு லான் வயரைப் போடுங்கள், அல்லது கெர்னலுக்கு நன்கு தெரிந்த யுஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகுங்கள்.

ஜூன் 3

"கார்டிலிருந்து உள்ளே இருக்கும் இஎம்எம்சிக்கு மாற்றிவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பொறுங்கள்.

மூன்று வகைச் சிப்புகளும் இதில் ஒரே மாதிரி இல்லை. ஆல்வின்னர் சிப்பின் பூட்ரொம் முதலில் எஸ்டி கார்டைத்தான் பார்க்கும், பிறகுதான் இஎம்எம்சி. உள்ளே எதைக் கெடுத்துவைத்தாலும் ஒரு நல்ல கார்டைப் போட்டுத் திரும்பி வந்துவிடலாம். உங்கள் அம்லாஜிக்கும், காக்காவின் ராக்சிப்பும் இஎம்எம்சியை முதலில் பார்ப்பவை. அங்கே பாதி கெட்ட யூ-பூட் உட்கார்ந்துவிட்டால் அது தானும் எழும்பாது, கார்டையும் பார்க்கவிடாது. பிறகு இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள யுஎஸ்பி வயர், அம்லாஜிக்கின் யுஎஸ்பி எரிப்புக் கருவி, அந்தப் பலகைக்கே உரிய மூல ஃபர்ம்வேர் (தொழிற்சாலையில் ஏற்றிய மென்பொருள்) எல்லாம் வேண்டும். பெயர் தெரியாத பெட்டிக்கு மூல ஃபர்ம்வேரை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே முதலில் நகல். கார்டிலிருந்து லினக்ஸை எழுப்பி, டிடிபிஆர் என்ற கருவியால் இஎம்எம்சி முழுவதையும் ஒரு பென் டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கே322எக்ஸ் குடும்பத்துக்கு மல்டிடூல் என்ற கார்ட் படிமம் இதே வேலையைச் செய்யும், காக்கா கவனிக்கவும். அந்த நகலை இன்னொரு கணினியிலும் போட்டுவைத்துவிட்டு எழுதுங்கள். நான் பெரும்பாலும் கார்டிலேயே விட்டுவிடுகிறேன். கார்ட் செத்தால் மாற்றலாம்.

ஜூன் 18

கல்முனையிலிருந்து ஒரு சேர், தன் பை பலகைகள் பற்றி. வலையில் படித்தபடி 'பை' என்ற பயனர் பெயரும் 'ராஸ்பெரி' என்ற கடவுச்சொல்லும் கொடுத்தாராம், ஏற்கவில்லையாம். வைஃபை விவரத்தைக் கோப்பாக எழுதி பூட் பகுதியில் போட்டாராம், அதையும் எடுத்துக்கொள்ளவில்லையாம். கார்டை மாற்றி மாற்றி எழுதிக் களைத்துப்போனதாக எழுதியிருக்கிறார்.

சேர், பலகையும் நல்லது, கார்டும் நல்லது, வழிகாட்டிதான் பழையது. அந்த இயல்புப் பயனரை 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ராஸ்பெரி பை இயங்குதளத்தின் 2023 அக்டோபரில் வந்த புக்வேர்ம் பதிப்பு நெட்வொர்க் மேனேஜருக்கு மாறிவிட்டது, பழைய வைஃபை கோப்பு அங்கே செல்லாது. பூட் பகுதியும் அதற்குள் 'ஃபர்ம்வேர்' என்ற கோப்புறைக்குப் போய்விட்டது. ராஸ்பெரி பை இமேஜர் கருவியிலேயே, எழுதும் முன், பயனர் பெயர், வைஃபை, நாடு எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். நாடு இலங்கை என்று குறிப்பிடாவிட்டால் வைஃபை பூட்டியே இருக்கும். எந்த வழிகாட்டியைப் படித்தாலும் அது எழுதப்பட்ட ஆண்டை முதலில் பாருங்கள்.

பச்சை விளக்கையும் எண்ணுங்கள். திரும்பத் திரும்ப நான்கு சிமிட்டல் என்றால் தொடக்கக் கோப்பு இல்லை, ஏழு என்றால் கெர்னல் இல்லை. இரண்டும் கார்டில் எழுதியது சரியில்லை என்பதன் அடையாளம்.

ஜூலை 7

"லினக்ஸ் இவ்வளவு பாடென்றால், வந்த ஆண்ட்ராய்டோடே வைத்துக்கொண்டால் என்ன?" என்று ஒருவர்.

வீட்டு வலையமைப்பில் அந்தப் பெட்டி யாருக்கு வேலை செய்கிறது என்று தெரியாமல் வைத்திருக்க எனக்கு மனம் வராது. ஆல்வின்னர் எச்616 சிப்போடு டி95 என்ற பெயரில் விற்கப்பட்ட பெட்டியில், தொழிற்சாலை ஃபர்ம்வேரிலேயே தீநிரல் இருந்ததை 2023 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்டார். பேட்பாக்ஸ் என்று பெயரிட்ட தீநிரல் இன்னும் பல பெட்டிகளில் இருப்பது அதே ஆண்டில் வெளியே வந்தது. ஆண்ட்ராய்டில் செயலிகளை நீக்கினாலும், தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினாலும் இது போகாது, ஏனென்றால் அந்தத் தொழிற்சாலை நிலையிலேயே அது இருக்கிறது. கார்டிலிருந்து ஓடும் லினக்ஸில் அந்த ஆண்ட்ராய்டு இயங்குவதே இல்லை. பழைய யூ-பூட் மட்டும் மிச்சம் இருக்கும். எனக்கு லினக்ஸ் போடுவதற்கு முதற்காரணம் இதுதான், வேகமோ விலையோ பிறகு.

ஆகஸ்ட் 11

படுவான்கரையில் ஒரு வாசிகசாலைக்கு இதே வகைப் பெட்டி ஒன்று போயிருக்கிறது. அங்கே இணையம் இல்லை. இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் நிரல் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதும் ஒரு பென் டிரைவில் இருக்கிறது. பிள்ளைகள் கைபேசியில் பெட்டியின் வைஃபையைப் பிடித்துப் படிக்கிறார்கள், அதற்கு யுஎஸ்பி வைஃபை ஒன்று செருகியிருக்கிறேன். பென் டிரைவ் முதலில் ஃபாட்32 வடிவில் இருந்தது. ஃபாட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கிவிக்ஸ் படிக்கும் பெரிய ஜிம் கோப்பு பாதியில் நின்றுபோகும். எக்ஸ்டி4ஆக வடிவமைத்ததும் ஏறியது.

மின்வெட்டுக்கு இரண்டு ஏற்பாடு. ஒன்று, ரௌட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ், 5 வோல்ட் வெளியீடு உள்ளது. மற்றது ஓவர்லே: கார்டில் இருப்பதைப் படிக்க மட்டும் விட்டு, எழுதுவதெல்லாம் நினைவகத்துக்கே போகும்படி செய்வது. எந்த நேரத்தில் மின்சாரம் போனாலும் கார்டில் எழுத்து பாதியில் அறுந்து கோப்பு முறைமை கெடாது. ஆர்ம்பியனில் ஓவர்லேரூட், ராஸ்பெரி பையில் ராஸ்பி-கான்ஃபிக் பட்டியலிலேயே இருக்கிறது. வாசிகசாலை, பாடசாலை, கடை என்று ஆள் பார்க்காத இடத்தில் வைக்கும் எந்தப் பெட்டிக்கும் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

நவம்பர் 26

மாரி தொடங்கிவிட்டது. இடி மின்னல் நேரத்தில் அடாப்டரை மட்டும் பிடுங்கினால் போதாது, லான் வயரையும் பிடுங்குங்கள். கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்றால் கார்டின் தகடுகள் மங்கும். 'கார்ட் தெரியவில்லை' என்று வந்த பெட்டிகள் சில, ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தொட்டுத் துடைத்ததோடு எழும்பியிருக்கின்றன.

2025 பெப்ரவரி 13

கடந்த ஞாயிற்றுக்கிழமை, 9ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்து நாடு முழுதும் இருண்டதே, அதன்பிறகு வாசிகசாலைப் பெட்டி தானாக எழும்பியது. கோப்பு ஒன்றும் கெடவில்லை. ஆனால் திகதி ஆகஸ்ட் 11 என்று காட்டுகிறது. பொறுப்பாளர் தன் கைபேசி இணையத்தைக் கொடுத்து மென்பொருளைப் புதுப்பிக்கப் பார்த்திருக்கிறார். பெட்டியின் திகதி பின்தங்கியிருப்பதால், மென்பொருள் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுத்துவிட்டது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பற்றரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. ஃபேக்-எச்டபிள்யூகுளொக் என்ற நிரல் மணிக்கொரு தடவை நேரத்தைக் கார்டில் குறித்துவைத்து, எழும்பும்போது அங்கிருந்து தொடரும். ஓவர்லே போட்டபின் அந்தக் குறிப்பும் நினைவகத்துக்கே போகிறது, மின்சாரம் போனதும் அழிகிறது. ஆகவே ஓவர்லேயை இயக்கிய நாளுக்கே திரும்பிப்போகிறது. சிறு மின்வெட்டுகளை யுபிஎஸ் தாங்கியதால் இதுவரை வெளியே தெரியவில்லை. இம்முறை மணிக்கணக்கில் போனதால் அதுவும் தீர்ந்துவிட்டது.

இணையம் உள்ள வீடு என்றால் நேரம் தானாகத் திருந்தும். இல்லாத இடத்துக்கு டிஎஸ்3231 கடிகாரத் துண்டு வேண்டும், ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக 68 என்ற முகவரியில் அமரும். ராஸ்பெரி பையில் 40 பின்களும் வெளியே இருப்பதால் செருகினால் முடிந்தது, அமைவுக் கோப்பில் ஒரு வரி. பை 5இல் கடிகாரம் பலகையிலேயே இருக்கிறது, பற்றரி மட்டும் வாங்க வேண்டும். ரீவி பெட்டியில் அந்தப் பின்களைத் தேடி நுண்ணிய இடத்தில் சோல்டர் செய்ய வேண்டும், அதுவும் எல்லாப் பலகையிலும் முடியாது. பெட்டியே போதும் என்று இவ்வளவு நாளும் சொல்லிவந்தேன். இணையம் இல்லாத இடத்துக்கு மட்டும் இனி பழைய பை 3 கிடைத்தாலும் அதைத்தான் வைக்கச் சொல்வேன். வாசிகசாலைக்கு ஒரு பை 3 போகிறது, அங்கிருந்த பெட்டி கல்லடியில் இணையம் உள்ள ஒரு வீட்டுக்கு வருகிறது.

டிஎஸ்3231 துண்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: மலிவுத் துண்டுகள் சிலவற்றில் பற்றரியை மின்னேற்றும் சுற்று இருக்கும். அதில் மின்னேற்ற முடியாத சாதாரண சிஆர்2032 பற்றரி போட்டு 5 வோல்ட் கொடுக்கக் கூடாது. 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுங்கள்.

2025 மார்ச் 2

வாசிகசாலையின் பை 3இல் தமிழ் எழுத்துக்குப் பதிலாகச் சதுரங்கள் தெரிகின்றன என்று தகவல். சிறிய இயங்குதளப் படிமங்களில் தமிழ் எழுத்துரு சேர்ந்து வராது, நோட்டோ அல்லது லோகித் தமிழைப் போட்டால் சரி. ஓவர்லேயை நிறுத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு மறுபடி சதுரம்தான். தட்டச்சுக்கு, பாமினியில் கைபழகிய பிள்ளைகளுக்கு ஐபஸ் என்ற தட்டச்சு நிரலில் எம்17என் தொகுப்பைச் சேர்த்து ரெங்கநாதன் விசைப்பலகையை எடுத்துக்கொடுங்கள். தமிழ்99 பழகியவர்களுக்கு இலங்கைத் தமிழ் என்ற விசைப்பலகை அமைப்பிலேயே இருக்கிறது.

2025 ஜூன் 9

ஜூலை 7 குறிப்போடு சேர்க்க: பேட்பாக்ஸ் 2.0 பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ இம்மாதம் 5ஆம் திகதி பொது எச்சரிக்கை விட்டிருக்கிறது, ரீவி பெட்டிகளைப் பெயர் சொல்லி. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் கடந்த டிசம்பரிலேயே சுமார் 30,000 கருவிகள் தீநிரலை இயக்குகிறவர்களோடு வைத்திருந்த தொடர்பைத் துண்டித்தது.

காத்தான்குடிக் காக்காவிடம் இப்போது ஆர்கே3318 என்று மேல்மட்டை சொல்லும் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, கார்டில் எதை எழுதினாலும் கறுப்புத் திரை. காக்கா, திரையை விடுங்கள். 15,00,000 வேகத்தில் சீரியலைப் பிடித்து, மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து வரும் முதல் நூறு வரிகளை வெட்டாமல் அனுப்புங்கள். தகட்டைக் கழற்றிய படமும் வேண்டும். அதற்குமுன் இஎம்எம்சியில் எதையும் எழுத வேண்டாம்.